மாதா பிறந்தநாளில் புழு வீடு

கடத்தூர்,
20.9.1986

அன்பு மகன் ஸ்தனிஸ்லாசுக்கு அம்மா சொல்ல, தங்கச்சி பாக்கியமேரி எழுதுவது. ஆண்டவர் கிருபையில் இங்கே மூன்று பேரும் கை கால் சுகத்தோடு இருக்கிறோம், குவைத்து வெயிலில் நீயும் அப்படியே இருக்க ஒவ்வொரு பூசையிலும் கேட்டுக்கொள்கிறேன். போட்டோவில் உன் கன்னம் ஒட்டிப்போயிருக்கிறது, நேரத்துக்குச் சாப்பிடு சாமி.

கடிதம் தாமதமானதற்குக் காரணம் இருக்கிறது, சொல்ல மனம் வராமல் பத்து நாள் தள்ளிப்போட்டேன். இந்த வருஷம் மூன்றாவது தடவை விட்ட பட்டுப்புழு அத்தனையும் செத்துப்போய்விட்டது. கூடு கட்ட நாலே நாள் இருந்தது. விரல் நீளத்துக்குப் பெரிதாகி, இலை போட்டால் மழை பெய்கிற மாதிரி சத்தம் கேட்கும். முதல் இரண்டு தடவையும் நன்றாகக் கூடு கட்டி, தர்மபுரி மார்க்கெட்டில் கர்நாடகத்து ஆட்கள் போட்டி போட்டு எடுத்தார்கள் என்று எழுதியிருந்தேனே. அந்தத் தைரியத்தில் இந்தத் தடவை முட்டையை இரண்டு மடங்காக வாங்கினோம். நான் ஒன்றிலும் குறை வைக்கவில்லை. எட்டாம் தேதி மாதா பிறந்தநாளன்று சாயங்காலம் அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டு, நீ அனுப்பிய பணத்தில் கட்டிய புழு வீட்டுக்குள்ளேயே ஜெபமாலை சொல்லி, மூலைக்கு மூலை சாம்பிராணி போட்டு, வாசனை போகாமல் கதவு ஜன்னலை மூடி வைத்தேன். அப்படியும் மறுநாள் ஒரு புழுகூட இலையைத் தொடவில்லை, எல்லாம் தலையைத் தூக்கியபடியே நின்றது, அதற்கடுத்த நாள் வாயில் பச்சைத் தண்ணி. கூடை கூடையாக வாரிக் குழியில் கொட்டினோம். பட்டு ஆபீசிலிருந்து வருகிற குப்புராஜ் பார்த்துவிட்டு, அவருக்கே பிடிபடவில்லை, இந்த இடம் புழுவுக்கு ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்குதுங்க, இனி முட்டை வாங்காமல் இருப்பதே நல்லது என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அதே ஆபீசிலிருந்து வந்துதான், ராகி போட்டு என்ன கண்டீங்க, பட்டுக்கு வெளிநாட்டிலெல்லாம் கிராக்கி, இந்த ஜில்லாவே முன்னுக்கு வரப்போகுது என்று சொன்னார்கள். நானும் நம்பி ராகிக் கொல்லையை முழுக்க மல்பெரியாக்கினேன். ஒரு ஏக்கராவது ராகிக்கு விட்டு வை என்று அப்பா கெஞ்சினார், கேட்கவில்லை. இன்றைக்குக் களிக்கு ராகி கடையில் வாங்குகிறோம். அப்பா பழக்கம் விடாமல் விடிந்ததும் போய் மல்பெரி இலை அறுத்து வந்து ஆட்டுக்குப் போடுகிறார், ஆடாவது பட்டு நூலாய்ப் போடட்டும் என்கிறார். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. பக்கத்து வூட்டு ராணியம்மாளுக்கு வாய் சும்மா இருக்குமா, புழுவுக்கு ஓட்டு வூடு, புள்ளைங்களுக்குக் கூரை வூடா மிக்கேலு என்று குழாயடியில் எல்லார் எதிரிலும் என்னைக் கேட்டாள். குடம் நிரம்புமுன்னே தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

எல்லாவற்றையும் விட இலை பறிக்க ஆள் வேண்டுமென்று பாக்கியத்தை எட்டாவதோடு நிறுத்தினேனே, அதுதான் நெஞ்சை அறுக்கிறது. இந்நேரம் பத்தாவது முடித்து மேலே படித்துக்கொண்டிருப்பாள். இதை எழுதச் சொன்னால் பேனாவை வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொள்கிறாள்.

கிறிஸ்துமசுக்கு ஒரேயடியாக வந்துவிடுகிறேன், அப்பாவும் நானும் சேர்ந்து புழு வளர்க்கலாம் என்று எழுதியிருந்தாய். எந்தத் தாயும் சொல்லாததைச் சொல்கிறேன். வராதே சாமி. கம்பெனியில் இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிடு. வந்தால் உனக்கு இங்கே ஒன்றும் இல்லை. அந்தப் புழு வீட்டைத் தட்டு முட்டோடு யாருக்காவது விட்டுவிடலாம் என்று இருக்கிறோம். உன் வாழ்வைப் புழுவிடம் கொடுத்த பாவம் என்னோடு போகட்டும். மாதா உன்னைக் கைவிடமாட்டாள், ஞாயிறு பூசையை நீயும் விடாதே. கழுத்தில் நான் போட்டுவிட்ட மாதா சுரூபத்தைக் குளிக்கும்போதும் கழற்றாதே.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
உன் அம்மா,
மிக்கேலம்மாள்

அண்ணா, இனி எழுதுவது அம்மா சொன்னதில்லை. புழு செத்தது இடத்தால் இல்லை, சாம்பிராணிப் புகையால். புழு இருக்கிற வீட்டில் எந்தப் புகையும் ஆகாது என்று குப்புராஜ் இந்தப் புழுவை விட்ட முதல் நாளே சொன்னார். அப்போது அம்மா கொல்லையில் இருந்தார்கள், என்னிடம்தான் சொல்லி, அம்மாவிடம் சொல்லிடும்மா என்றார். அன்றைக்கு அத்தனை பேர் மண்டிபோட்டு ஜெபம் சொல்லும்போது எழுந்து நிறுத்தச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. செத்த பிறகு அவர் வந்து, யாராவது பொகை போட்டீங்களா என்று என்னைத்தான் கேட்டார். இல்லை என்று தலையாட்டிவிட்டேன். அதனால்தான் இடம் சரியில்லை என்று சொல்லிவிட்டார். இடம் நல்ல இடம். மல்பெரி இடுப்புக்கு மேல் நிற்கிறது. நீங்க கையெழுத்துப் போட வேண்டாம், கிறிஸ்துமசுக்கு வந்துவிடுங்க. நானே அம்மாவிடம் சொல்லத்தான் தினமும் பார்க்கிறேன், வாய் வரவில்லை. உங்க பதிலையும் அம்மாவுக்கு நான்தான் படித்துக் காட்டவேண்டும். அதனால் சாம்பிராணி விஷயத்தை முதல் வரியிலேயே எழுதிவிடுங்க.

பாக்கியமேரி