மோசஸ் தூங்கட்டும்

விட்பி
12 அக்டோபர் 1998

டெஸ்மண்டுக்கு,

நலம் விசாரிக்க எழுதவில்லை. அக்காள் குடியிருக்கும் கட்டடத்தில் பிராணிகளுக்கு அனுமதி இல்லை. அதனால்தான் மோசஸ், பாப்பி என்ற நம் ஆமைகள் இரண்டும் உன்னிடம் கிடக்கின்றன. இந்தக் குளிர்காலத்தில்தான் அவை முதன்முதலாக, மார்ச் வரை ஒரேயடியாக உறங்கப்போகின்றன. போனில் சொன்னால் வைத்துவிடுகிறாய், அதனால் எழுதுகிறேன். இனி தீனி கிடையாது. தினமும் வெதுவெதுப்பான தண்ணீரில் உட்கார வை. குடிக்கும், வயிறும் காலியாகும். மூன்று வாரம் போனதும் மண் போட்ட பெட்டியில் வைத்து, கார் கொட்டகையில் இருக்கும் பழைய ஃபிரிட்ஜுக்குள் வை. ஐந்து டிகிரிதான் இருக்க வேண்டும். தினமும் கதவைத் திறந்து காற்று விடு.

வினிஃப்ரெட்

லட்லோ
24 அக்டோபர்

வின்னி,

உன் உத்தரவு கிடைத்தது. பக்கத்து வீட்டுக்காரனிடம் சொன்னேன். "ஏம்பா, உன்ன விட்டுட்டுப் போனவ, ஆமையையாவது பொழைக்க விடக் கூடாதா?" என்று சிரித்தான்.

குளிப்பாட்டுகிறேன். ஆனால் பாப்பி பசியில் என் செருப்பைக் கடித்து இழுக்கிறாள். நேற்று இருவருக்கும் வெள்ளரிக்காய் போட்டேன். பட்டினி கிடப்பவர்களைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க உன்னால் முடியும். என்னால் முடியாது.

டெஸ்மண்ட்

விட்பி
27 அக்டோபர்

டெஸ்மண்டுக்கு,

தூக்கத்தில் செரிமானம் நின்றுவிடும். நீ போட்ட வெள்ளரிக்காய் வயிற்றுக்குள்ளேயே அழுகும். மார்ச்சில் பெட்டியைத் திறந்தால் செத்துக் கிடக்கும்.

உனக்கு எப்போதும் நல்லவன் என்ற பெயர் வேண்டும். சர்க்கரை நோயில் படுத்திருந்த உன் அம்மாவுக்கு கேக் ஊட்டியது நீ. ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தது நான். பட்டினியை முதலிலிருந்து தொடங்கு.

வினிஃப்ரெட்

லட்லோ
21 நவம்பர்

வின்னி,

சொன்னபடியே செய்தேன். மோசஸ் ஃபிரிட்ஜில் தூங்குகிறான். பாப்பிக்கு மூக்கு ஒழுகுகிறது, கண்ணும் வீங்கியிருக்கிறது. "இவள இப்பத் தூங்க வச்சா எந்திரிக்க மாட்டா. இந்தக் குளிருக்கு முழிச்சே இருக்கட்டும்" என்றார் கால்நடை டாக்டரம்மா. சமையலறையில் விளக்குச் சூட்டில் வைத்திருக்கிறேன்.

அம்மாவை இதில் இழுத்ததை மன்னிக்க மாட்டேன்.

டெஸ்மண்ட்

விட்பி
24 நவம்பர்

டெஸ்மண்டுக்கு,

நம்பவில்லை. அவளை உன்னிடமே வைத்துக்கொள்ள இது ஒரு சாக்கு. கட்டடக்காரரை அக்காள் சம்மதிக்க வைத்துவிட்டாள். சனிக்கிழமை அண்ணன் ரூபர்ட்டுடன் காரில் வந்து இரண்டையும் எடுத்துப்போகிறேன்.

வினிஃப்ரெட்

லட்லோ
30 நவம்பர்

வின்னி,

நாளைக்கே நீ மாற்றிச் சொல்வாய். அதனால் சனிக்கிழமை நடந்ததை எழுதிவைக்கிறேன். ரூபர்ட் மோசஸின் பெட்டியைத் தூக்கியதும், "கீழ வை. கார் சூட்டுல முழிச்சுக்குவான்" என்று தடுத்தது நீதான். பிறகு சமையலறைக்கு வந்தாய். பாப்பி வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். நான் மருந்து ஊற்றினேன். "தலைய நிமித்திப் பிடி" என்றாய். பிடித்தேன். அன்று நாம் சண்டையில்லாமல் பேசியது அவ்வளவுதான். போட்ட தேநீரைத் தொடாமல், இரண்டையும் எடுக்காமல் போனாய்.

மோசஸ் எழுந்ததும் எடுத்துப்போ. அதுவரை அவன் தூங்கட்டும். பாப்பியைத் தர மாட்டேன். வழக்குப் போடுவதென்றால் போடு.

டெஸ்மண்ட்

விட்பி
5 டிசம்பர்

திரு. டெஸ்மண்ட் பிரிட்சர்டு அவர்களுக்கு,

பாப்பி உங்களிடமே இருக்கட்டும். மார்ச்சில் மோசஸை வாங்கிக்கொள்ள ரூபர்ட் வருவார். நான் வரவில்லை. இனி வக்கீல் எழுதுவார். நீங்கள் எனக்கு எழுத வேண்டாம். கல்யாணத்துக்கு முன்பிருந்த பெயரிலேயே கையெழுத்துப் போடுகிறேன்.

பாப்பிக்கு ராத்திரியில் விளக்கை அணைத்துவிடாதீர்கள். குளிர்ந்தால் அவளுக்கு மூச்சு முட்டும்.

வினிஃப்ரெட் ஹோல்ராய்டு