இடது கைச் சோறு

நவம்பர் 5, புதன்
விடிந்ததிலிருந்து தூறல். போர்வை காயவில்லை. வாங்க வேண்டியவை: இவருக்கு பிரஷர் மாத்திரை, ரப்பர் விரிப்பு, டெட்டால். எனக்கு முதுகுக்குத் தைலம்.

இவருக்குப் பக்கவாதம் வந்து நாலு மாதம். வலது கை, வலது கால், பேச்சு, மூன்றும் இல்லை. பிசியோ பெண் வந்தாள். "இடது கை நல்லாத்தானக்கா இருக்கு. அவங்களே அள்ளிச் சாப்பிடட்டும். நீங்க ஊட்ட ஊட்டப் பழக மாட்டாங்க." தட்டை இடது பக்கம் வைத்தேன். வாயை இறுக மூடிக்கொண்டார். ஸ்பூன் கொடுத்தேன், வீசி எறிந்தார். கடைசியில் வழக்கம்போல நானே ஊட்டினேன்.

நவ. 6, வியாழன்
நான் வேலை பார்த்த ஜவுளிக்கடையின் முதலாளி போன். "திங்கக்கெழம வாரியளா இல்லையா? இல்லன்னா வேற ஆளப் போட்டுக்கிடுதேன், தப்பா நெனைக்காதிய." வருகிறேன் அண்ணாச்சி என்று சொல்லிவிட்டேன். மதியச் சாப்பாட்டுக்கு என்ன செய்ய?

எதிர்வீட்டு கோமதியைக் கேட்டேன். "தட்டுல போட்டு வைக்கேன் அக்கா. ஊட்ட மட்டும் சொல்லாதிய." சரிதான். அவள் புருஷன் என்ன நினைப்பான்.

நாள் முழுக்கக் கோபம், யார் மேல் என்று தெரியவில்லை. தயிர் தீர்ந்துவிட்டது.

நவ. 8, சனி
நல்ல வெயில். துணி எல்லாம் காய்ந்தது. நாங்குநேரியிலிருந்து இவருடைய அக்கா வந்தாள். மதியம் இவர் இடது கையைப் பிடித்துச் சோற்றில் வைத்தேன். மதினி பார்த்துவிட்டாள்.

"அய்யய்ய! எந்தம்பி பீச்சாங்கையாலயா திங்கணும்? கடைக்கு ஓட அம்புட்டு அவசரமா ஒனக்கு?"

பொறுக்க முடியவில்லை. "நாலு மாசமா அந்தக் கைக்கு அந்த வேலையே இல்ல மதினி. கழுவுதது நான். இந்தக் கையாலதான் கழுவுதேன், இந்தக் கையாலதான் ஊட்டுதேன். இதுல எது பீச்சாங்கை, நீங்களே சொல்லுங்க."

இவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். கண்ணில் தண்ணீர்.

இவருடைய அக்கா முன்னால் அதைச் சொல்லியிருக்கக் கூடாது. பொய்யும் சொல்லவில்லை. மதினி நாலு மணி பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டாள்.

நவ. 9, ஞாயிறு
காலை, மதியம் சாப்பிடவில்லை. ஊட்டினாலும் இல்லை. மாத்திரைக்காக நாலு வாய் கஞ்சி. மன்னிப்புக் கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டார். இரண்டு பேரும் ஒரேயடியாகப் போய்ச் சேர்ந்தால் என்ன என்று ஒரு நினைப்பு. சீ.

நவ. 10, திங்கள்
கடைக்குப் போனேன். குழைய வடித்து, ரசம் விட்டுப் பிசைந்து, கோமதியிடம் கொடுத்துவிட்டுத்தான். ஒரு மணிக்குச் சேலை மடித்துக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்தேன். போன் போடப் பயம். போடவில்லை.

ஏழரைக்கு வீடு. கோமதி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "தட்ட வச்சதும் கதவக் கையக் காட்டுனாவ அக்கா. என்னமோன்னு பயந்துட்டேன். சாத்தணுமாம். பொறவு ஜன்னலையும் சாத்தச் சொல்லிக் காட்டுனாவ. நான் வெளியவே நின்னுக்கிட்டேன்."

தட்டில் பாதிச் சோறு இல்லை. சட்டையில், விரிப்பில் எல்லாம் பருக்கை. இடது கையைப் போர்வைக்குள் ஒளித்து வைத்திருந்தார். வெளியே எடுத்தேன். விரல் இடுக்கில் சோறு காய்ந்திருந்தது. ஒன்றும் கேட்காமல் கழுவிவிட்டேன். அவரும் என்னைப் பார்க்கவில்லை.

நாளைக்குக் கிளம்பும்போது ஜன்னலை நானே சாத்திவிட வேண்டும்.