அக்காவின் பதவி உயர்வுக்கு நான் வைத்த பேனர்

அக்கா,

நேற்று பேனர் கடைக்குள் நுழைந்ததும் அந்த வாசனை மூக்கில் ஏறியது. புது பிளாஸ்டிக்கும் மையும் கலந்து தலையைக் கிறுகிறுக்க வைக்கும் வாசனை. உன் காரியத்துக்கு வீட்டு முன்னால் வைக்க ஒரு கண்ணீர் அஞ்சலி பேனர் சொல்லலாம் என்று போயிருந்தேன். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண் உன் படத்தைத் திரையில் ஏற்றிவிட்டு, "பேருக்குக் கீழ என்னா போடட்டும்ணா? உத்தியோகம் ஏதாவது?" என்று கேட்டாள். எனக்கு வாய் அடைத்துவிட்டது. என் வாய் அடைத்தது என்றால் நீ நம்பமாட்டாய். "டீ குடிச்சிட்டு வரேம்மா" என்று வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

மச்சான் வேலையில் இருக்கும்போதே இறந்துவிட்டதால், ஓசூரில் அவர் வேலை பார்த்த அதே சார்நிலைக் கருவூலத்தில் கருணை அடிப்படையில் உனக்கு வேலை கிடைத்தது. இளநிலை உதவியாளர். குந்தாரப்பள்ளி சந்தையில் கேட்டவர்களிடம் நான் சொன்னது வேறு. "அக்கா கஜானாவுல ஆபீஸர். அவ கையெழுத்து இல்லாம கலெக்டருக்கே சம்பளம் வராது." இதை நம்பி உத்தனப்பள்ளியிலிருந்து ஒரு பெரியவர், நின்றுபோன பென்ஷனை வாங்கித் தரச் சொல்லி ஒரு கூடைத் தக்காளியோடு உன் வீட்டுக்கே வந்துவிட்டார். நீ தக்காளியைத் தொடவில்லை. எந்த மேஜையில் மனு கொடுக்க வேண்டும் என்று மட்டும் அவருக்குச் சொல்லி அனுப்பினாய். பிறகு என் பக்கம் திரும்பினாய்.

"நான் பில்லுல நம்பர் போடற ஆளுடா. நீ என்னத் தூக்கித் தூக்கி மேல வெக்கற. கீழ விழறது யாரு? நான்தான்."

அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மேலே போக வேண்டுமானால் நீ கணக்குத் தேர்வு எழுத வேண்டியிருந்தது. புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே எழுதலாம் என்றதும் எட்டாவதோடு நின்ற எனக்கு ஒரே சிரிப்பு. "புக்கப் பாத்து எழுதறதுக்குப் பேரு பரீட்சையா? நான் எழுதினா நேரா கவர்னர்தான்!" நீ அந்தத் தடிப் புத்தகத்தை என் மடியில் போட்டாய். "லீவுல இருக்கறப்ப ஒரு ஆளு செத்துட்டா, சம்பளம் எந்தத் தேதி வரைக்கும்? தேடு பாக்கலாம்." நீ களி கிண்டி, குழம்பு வைத்து, பிள்ளைக்குப் போட்டு, பாத்திரமும் கழுவிவிட்டு வந்தாய். நான் இன்னும் பொருளடக்கத்தைத் தாண்டவில்லை. நீயே இரண்டு தடவை தோற்று, மூன்றாம் தடவைதான் தேறினாய். அந்தப் பெருமையிலும் எனக்குப் பங்கு உண்டு என்று ஊரெல்லாம் சொன்னேன். புத்தக மூட்டையை மொபெட்டில் வைத்துத் தேர்வு மையத்துக்கு ஓட்டியவன் நான்தானே.

கிருஷ்ணகிரி தனி மாவட்டமான புதிது அது. கருவூலத்தில் புதிய இடங்கள் வந்தன. கணக்கர் பதவிக்குப் போகிறவர்களின் பட்டியலில் உன் பெயரும் வரும் என்று ஒரு நாள் சந்தோஷத்தில் என்னிடம் சொல்லிவிட்டாய். கூடுகிற சம்பளத்தில் மகளைச் சேலத்தில் விடுதியில் விட்டு இன்ஜினியரிங் படிக்க வைக்கலாம் என்றாய். உடனே விரலை நீட்டி எச்சரித்தாய். "ஆர்டர் கைக்கு வர்ற வரைக்கும் வாயத் தொறக்காத."

வாயைத் திறக்கவில்லை, அக்கா. பேனர் வைத்தேன்.

அப்போது நான் தொழிற்பேட்டைக் கம்பெனிகளுக்குக் கூலி வேலைக்கு ஆள் பிடித்து விட்டுக்கொண்டிருந்தேன், கையில் நாலு காசு புரண்டது. பேனரும் ஓசூருக்குப் புதுசு. உன் ஆபீசுக்கு நேர் எதிரே, டீக்கடையை ஒட்டிக் கட்டினேன். 'கணக்கராகப் பதவி உயர்வு பெற்ற எங்கள் குலவிளக்கே, கருவூலத்தின் கருவூலமே, வருக வருக!' உன் படம் ரேஷன் கார்டிலிருந்து எடுத்தது, மூலையில் தபால் தலை அளவு. என் படம் கூலிங் கிளாசோடு, காதில் செல்போனோடு, நடுவில். இருபதடி உயரம் என்று இன்று வரை சொல்லி வந்திருக்கிறேன். உன்னிடம் எதற்கு? பத்தடிதான்.

காலையில் டீக்கடைக்காரர், "ஸ்வீட் எல்லி அண்ணா, எங்க ஸ்வீட்டு?" என்று கன்னடமும் தமிழுமாகக் கலாய்த்துக்கொண்டிருந்தபோது நீ பஸ்ஸை விட்டு இறங்கினாய். அண்ணாந்து ஒரு தடவை படித்தாய். முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு, என்னைப் பார்க்காமல் உள்ளே போனாய்.

மதியத்துக்குள் மெமோ. அரசு ஊழியருக்கு அனுமதி இல்லாமல் பொது இடத்தில் பாராட்டு நடத்தக் கூடாதாம். அதிலும் இன்னும் வராத பதவிக்கு. நான் ஓடோடி வந்தேன். உங்கள் கண்காணிப்பாளர் நல்ல மனுஷன். உன்னை வாசலுக்குக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார்.

"யாரோ வெச்சிட்டாங்க, எனக்கும் அதுக்கும் சம்பந்தமில்லன்னு ரெண்டு வரி எழுதிக் குடும்மா. ஃபைல மூடிடலாம்."

"எழுதுக்கா," என்றேன் நானும். "நான் யாருன்னே தெரியாதுன்னு எழுது. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

"மூஞ்சி பத்தடிக்கு நிக்குது. தெரியாதுன்னு எழுதறதா?" என்றாய். அவர் சிரித்துவிட்டார். நீ சிரிக்கவில்லை. "தம்பியே இல்லன்னு கையெழுத்துப் போட்டுட்டு, அதே கையால சாயங்காலம் உனக்கு எப்படிடா களி போடுவேன்?"

'அவர் என் தம்பி. விதி தெரியாமல் செய்துவிட்டார்' என்று எழுதிக் கொடுத்தாய்.

'கண்டனம்' என்று ஒரு தண்டனை வந்தது. சம்பளத்தில் பைசா பிடிக்கவில்லை. ஆனால் அந்த வருடப் பட்டியலில் உன் பெயர் இல்லை. உனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்த பெண் கணக்கரானாள், அதே ஆபீசில். நீ சரிபார்த்த பில்களை அவள் மேஜைக்குத் தூக்கிக்கொண்டு போய் நின்றாய். மகள் சேலம் போகவில்லை, ஓசூரிலேயே டிப்ளமோ சேர்ந்தாள். அடுத்த வருடம் உனக்கும் பதவி உயர்வு வந்தது. வந்து என்ன? போன வரிசை திரும்பவில்லை. நீ ஓய்வு பெறும் வரை அந்தப் பெண் உனக்கு ஒரு படி மேலேயே இருந்தாள்.

ஆர்டர் வந்த அன்று அதை என் முன்னால் வைத்து, "இந்தத் தடவை கையிலயே இருக்குது. வெக்கறியா பேனரு?" என்று கேட்டாய். நான் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. நீ இன்னொரு உருண்டை களி வைத்தாய்.

அதோடாவது திருந்தினேனா? போகிற கல்யாண வீட்டிலெல்லாம் இதையே கதையாக்கினேன். "எங்க அக்காவுக்கு மெமோ வாங்கிக் குடுத்தவனே நான்தான்!" பந்தியே சிரிக்கும். நீயும் சிரிப்பாய். உன் மகள் மட்டும் இலையை மடித்துவிட்டு எழுந்து போவாள். எத்தனையோ தடவை எழுந்து போனாள். அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே மிச்சக் கதையையும் சொல்லி முடித்திருக்கிறேன். அதை நினைத்துக்கொண்டேதான் நேற்று அந்தப் பெஞ்சில் டீயை ஆறவிட்டேன்.

திரும்பக் கடைக்குள் போனேன். "கணக்கர், ஓய்வு. கருவூலத் துறை. அவ்வளவுதாம்மா," என்றேன்.

"ஆபீஸர்னு போட்டா எடுப்பா இருக்கும்ணா."

"அவங்க கணக்கர். பரீட்சை எழுதி வாங்கினது."

"உங்க போட்டோ? எல்லாரும் கீழ வரிசையா போடுவாங்க."

பொய் சொல்ல மாட்டேன், அக்கா. சட்டைப் பையில் கொண்டுதான் போயிருந்தேன். பையை ஒரு தடவை தொட்டுப் பார்த்தேன். "வேணாம்மா," என்றேன்.

"பேராவது சொல்லுங்க. யாரு வெக்கறாங்கன்னு தெரிய வேணாமா?"

"தம்பின்னு மட்டும் போடு."

அவள் தட்டினாள். திரையில் உன் படத்துக்குக் கீழே, மூலையில், 'தம்பி' என்று சின்னதாக வந்து உட்கார்ந்தது. நீ கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பதவி. என்னிடம் இருப்பது அது ஒன்றுதான்.