கிணற்றுச் சுவரில் ஈரக்கால்

திங்கள், காலை 6.20

சுவரில் இடது கால் தடங்கள் மட்டும் ஈரமாக இருந்தன. வியர்வை என்றால் இரண்டு காலிலும் இருக்கும். கடைசியாக ஓடியவர் என் மதினி ரோஸ்லின். துடைத்துவிட்டேன்.

மற்றபடி எல்லாம் சரி. விளக்கு சரி. மைக் சரி. நிறுத்தும் கைப்பிடியை இழுத்துப் பார்த்தேன். ஓடுகிறவரைக் கீழே இறக்கச் சுவர் குலுங்கியது; தாங்கிக்கொள்ளக் கீழே வலை விரிந்தது.

எனக்குப் பிறகு இந்த வேலைக்கு வருகிறவருக்கு: ஓட்டக்கிணறு என்பது திருவிழாவில் பைக் ஓட்டுகிற மரணக் கிணறு மாதிரிதான். நிலவில் நம் எடை ஆறில் ஒரு பங்கு. ஓடாவிட்டால் எலும்பு உளுத்துப்போகும். இந்த ரப்பர் சுவரில் வெறுங்காலோடு, படுத்தவாக்கில் வேகமாகச் சுற்றி ஓடினால், பூமியில் இருக்கிற எடை கிட்டத்தட்ட வந்துவிடும். சுரங்கத்தில் வேலை செய்கிறவர்கள் எல்லாரும் ஓட வேண்டும். கதவைத் திறப்பதும் சுவரைத் துடைப்பதும் என் வேலை. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

எனக்கு ஓட்டம் கட்டாயம் இல்லை. யாரும் இல்லாதபோது ஓடுவேன். யாராவது பார்த்தால் கால் பின்னிக்கொள்ளும். அதனால் யாருக்கும் தெரியாது.

புதன், காலை 6.15

இன்று இரண்டு கால் தடமும் ஈரம். நேரில் கேட்கக் கூச்சம். ஓடும்போது மைக்கில் கேட்டேன்.

"மதினி, சுவரெல்லாம் ஈரமா இருக்கு."

"ஓடுறப்ப கொஞ்சம் சிந்துதுட்டி. பிள்ளை பெத்தவளுக்கு அப்படித்தான் இருக்கும். நீ பெரிய டாக்டரு!"

"கீழ கனமா இருக்கா?"

"இருந்தா என்ன? துணிய இன்னும் இறுக்கிக் கட்டுனா சரியாப்போவும்."

குழந்தை பிறந்து ஆறு வாரம்தான் ஆகிறது. மருத்துவ அறைச் சுவரில் ஒட்டியிருப்பதை நான் படித்திருக்கிறேன். முதலில் மூச்சுப் பயிற்சி. பிறகு இடுப்படித் தசையை இறுக்கி விடுவது. பிறகு நடை. ஓட்டம் மூன்று மாதம் கழித்து. சிறுநீர் கசிந்தாலோ கீழே கனத்தாலோ நிறுத்திவிட வேண்டும்.

கர்ப்பமாக இருந்தபோது மதினி எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தார். வயிறு தெரிகிறவரை ஓடினார். பிறகு எடைச் சட்டை போட்டுக்கொண்டு தினமும் நடந்தார். பிரசவம் சுலபமாக இருந்ததற்கு அதுதான் காரணம் என்று செவிலி சலோமி அக்கா சொன்னார். அந்தச் சொல்லை மதினி பிடித்துக்கொண்டார். அண்ணன் சுரங்கத்தில் செத்துப்போன பிறகு அவருக்குப் பிடித்துக்கொள்ள வேறொன்றும் இல்லை.

வியாழன், மாலை 5.40

பூமிக்குப் போகிற கப்பல் முன்கூட்டியே வருகிறது. ஞாயிறு. அடுத்தது இரண்டு வருடம் கழித்து. அதற்குள் பிள்ளை வளர்ந்துவிடும். இங்கே வளர்ந்த எலும்பு பூமியைத் தாங்காது. பிறகு பிள்ளை அங்கே போகவே முடியாது.

கைக்குழந்தையை உறவினர் ஒருவர் கொண்டுபோக வேண்டும். பூமி எடையைத் தாங்குவார் என்று தெரிய, அந்த ஆள் கிணற்றில் இருபது சுற்று, விழாமல், அலுவலர் முன்னால் ஓடிக் காட்ட வேண்டும்.

மதினிக்கு வயிறு கட்டுவது நான்தான். அவர் அம்மாவின் பழைய சேலையைக் கிழித்த துணி. சுவரில் ஒரு காலை ஊன்றி இழுக்கச் சொல்கிறார். கட்டியதும் நிமிர்ந்து நிற்கிறார். கனம் தெரியவில்லை என்கிறார். கட்டு இறுகினால் உள்ளே ஆறிவிட்டது என்று நம்புகிறார். நேற்றுவரை நானும் நம்பினேன்.

சனி, காலை 6.30

துணியை அவிழ்த்தபோது உள்மடிப்பில் சிவப்பு. புதியது.

சலோமி அக்காவிடம் சொல்லப் போனேன். கதவுவரை போனேன். மதினி என் சட்டையில் குத்தியிருக்கிற மைக்கில் கூப்பிட்டார்.

"ஏட்டி, எங்க நிக்க?"

"மருத்துவ அறைக்கிட்ட."

"சொல்லிருவியோ? சொல்லு. நானும் எம்பிள்ளையும் இங்கயே கெடந்து மண்ணாப் போறோம். உங்கண்ணன் பக்கத்துலயே."

திரும்பி வந்துவிட்டேன்.

ஞாயிறு, காலை 10.05

தேர்வு. மேலே கண்ணாடிக்குப் பின்னால் அலுவலர், சலோமி அக்கா, இன்னும் சிலர். சலோமி அக்கா கையில் பிள்ளை. விளக்கு சரி. மைக் சரி. கைப்பிடி சரி.

மதினி என் கன்னத்தைக் கிள்ளிவிட்டு உள்ளே போனார்.

ஞாயிறு, காலை 10.40

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

முதலில் நன்றாக ஓடினார். பாதியைத் தாண்டியதும் சுவரில் ஒரு சிவப்புப் பொட்டு. அடுத்த சுற்றில் அதன்மேல் அவர் கால் பட்டு நீளமாக இழுத்தது. அதற்கடுத்த சுற்றில் அது போல நிறைய.

"மதினி, ரத்தம்."

"தெரியும். கைப்பிடில இருந்து கைய எடு."

"மதினி—"

"அங்க எம்பிள்ளையப் பாருட்டி. என்னயப் பாக்காத. இன்னும் கொஞ்சந்தான்."

பிள்ளையைப் பார்த்தேன். கைப்பிடியை இழுத்தேன்.

இங்கே எதுவும் மெதுவாகத்தான் விழும். வலையில் விழுந்து முடிக்கிறவரை அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாவி. நாலு சுத்துதான இருந்துச்சு? நீ நல்லாயிருப்பியாட்டி?"

பிறகு அலுவலர் குரல்: "பயணி தேறவில்லை. குழந்தைக்கு வேறு உறவினர் உண்டா?"

சலோமி அக்கா: "அத்தைக்காரி ஒரு சின்னப் பிள்ளை இருக்கா சார். இந்தக் கிணத்தைப் பாத்துக்கிறவதான். அவ ஓட மாட்டா. ஆளப் பாத்தாலே ஒளிஞ்சுக்கிடுவா."

மதினியை வலையிலிருந்து தூக்க ஓடினேன்.

ஞாயிறு, காலை 11.30

ரத்தம் இன்னும் நிற்கவில்லை என்று சலோமி அக்கா மருத்துவ அறையிலிருந்து சொன்னார். மதினி ஏதாவது சொன்னாரா என்று கேட்டேன். கண்ணை மூடிக் கிடக்கிறார் என்றார்.

மதியம் கப்பல் கதவை மூடிவிடுவார்கள்.

சுவரைத் துடைத்தேன். திரும்பவும் துடைத்தேன். ரப்பர் பட்டைகள் சேருகிற இடுக்கில் இருப்பது போகவில்லை. வலையில் கிடந்த துணியை எடுத்து மடித்து வைத்தேன்.

அலுவலரைக் கூப்பிட மைக்கை அழுத்தினேன். விட்டுவிட்டுத் திரும்ப அழுத்தினேன்.

"யாரது லைன்ல?"

"கிணத்துக்காரி சார். பிள்ளைக்கு அத்தை. நான் ஓடுறேன்."

"கைப்பிடியை யார் பிடிப்பார்கள்?"

"ஆள் இல்ல சார்."

அவர் தாளைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, "சுவர் காய்ந்ததும் தொடங்கலாம்" என்றார்.

அதுவரை இதை எழுதினேன். கண்ணாடிக்குப் பின்னால் ஆட்கள் திரும்ப வந்து நிற்கிறார்கள். பிள்ளை வேறு யார் கையிலோ அழுகிறது. சத்தம் கேட்கவில்லை, வாய் மட்டும் தெரிகிறது.

கையை வைத்துப் பார்த்தேன். சுவர் காய்ந்துவிட்டது.

செருப்பைக் கழற்றிக் கதவோரம் வைத்தேன்.