பௌர்ணமியில் வைக்காத கைநாட்டு

ஏப்ரல் 6
நான் சொல்கிறேன், ராணியம்மாள் எழுதுகிறாள். கட்டிக்கொண்ட நாளிலிருந்து என் எழுத்து இவள்தான். வெயில் தாங்கவில்லை. அடி அண்ணாமலையில் இருக்கும் நம் பட்டறைக்குப் போகவில்லை. கல்லுக்குப் பாலிஷ் போடும் சத்தம் இல்லாமல் காது என்னவோ போலிருக்கிறது.

ஏப்ரல் 9
கணக்குப் பார்க்கிற வினோதினி வீட்டுக்கே வந்துவிட்டாள்.

"போன வருஷம் பதினாலு லட்சம் லாபம்னு நெனச்சோம் ஐயா. இப்ப ஆறு லட்சம் நஷ்டம்னு நிக்குது."

நம் கல்லை வாங்கும் ஜெர்மனிக்காரன் மே மாதம் தரப்போகும் ஐந்து லட்சம் டாலரை, டாலர் ஒன்றுக்கு எண்பத்தொன்பது ரூபாய் என்று பேங்கில் முன்னாடியே பேசி வைத்தோம். மார்ச் முடிவில் டாலர் தொண்ணூற்று மூன்று. டாலருக்கு நாலு ரூபாய் வீதம் இருபது லட்சம் நஷ்டம் என்று எழுத வேண்டுமாம்.

"கல்லு காசும் அதே நாலு ரூபா ஏறித்தானே இருக்குது?"

"அது கப்பல் ஏறினாதான் ஐயா கணக்குல வரும். இது இப்பவே வரும்."

பேசி வைத்தது தப்பு என்று நான் சொல்லமாட்டேன். டாலர் நாற்பத்து நாலிலிருந்து முப்பத்தொன்பதுக்கு இறங்கிய வருஷம் இரண்டு லாரியை விற்றவன் நான். ஏறுகிற லாபமும் வேண்டாம், இறங்குகிற நஷ்டமும் வேண்டாம் என்றுதான் மகன் கலையரசன் கேட்டபோது தலையாட்டினேன்.

ஏப்ரல் 11
ஆடிட்டர் வந்தார். நஷ்டத்தை இப்போதே எழுதாமல், கல் விற்கிறபோது இரண்டையும் சேர்த்து எழுத வழி உண்டாம். அதற்கு, பேங்கில் பேசி வைத்தது இந்த ஆர்டருக்காகத்தான் என்று, பேசிய அன்றைக்கே கையெழுத்தான காகிதம் இருக்க வேண்டுமாம்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

பேங்கில் பேசிய அன்று ஐப்பசிப் பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்துக்குள் புகுந்து, வினோதினி குபேர லிங்கம் வரைக்கும் காகிதத்தோடு ஓடிவந்தாள். "ஒரு கைநாட்டு ஐயா, பேங்க்ல பேசியாச்சு." நான் நிற்கக்கூட இல்லை. "பௌர்ணமியில நான் மை தொடமாட்டேன், தெரியாதா? நாளைக்கு வா." மறுநாள் கால் வீங்கிப் படுத்தேன். அவளும் தன் அக்காவின் பிரசவத்துக்காக ஊருக்குப் போய்விட்டாள். அந்தக் காகிதத்தை அப்புறம் யார் தேடினார்கள்?

ஏப்ரல் 12
கலையரசன் புதுக் காகிதம் கொண்டுவந்தான். தேதி மட்டும் பழையது.

"இந்த மாசம் பேங்க்ல கடன் லிமிட் பாக்கறாங்கப்பா. நஷ்டம்னு தெரிஞ்சா கொறைச்சுடுவாங்க. இதுல எழுதியிருக்கறது அத்தனையும் நெசம்தானே?"

"தேதி?"

"தேதிதானே! அத்த யாரு பாக்கறது?"

"அன்னிக்குப் பௌர்ணமிடா. நான் மை தொடமாட்டேன்னு ஊருக்கே தெரியும்."

"ஊரா வந்து ஆடிட் பண்ணப்போவுது?"

வினோதினி கதவோரம் நின்றாள். "நான் டைப் அடிக்கமாட்டேன்னு சொன்னேன் ஐயா. சாரே அடிச்சாரு."

"நீ யாரு பக்கம்மா?" என்றான். 

ஏப்ரல் 13
பேங்கில் பேசி வைப்பது பற்றி நானும் கலையரசனும் பேசியது சொல்லுக்குச் சொல் ஞாபகம் இருக்கிறது. நடந்ததைத்தான் எழுதியிருக்கிறான். நான் கைநாட்டு வைத்தால் அது பொய்யா? — ராணி பேனாவை வைத்துவிட்டுச் சொல்கிறாள்: "எல்லாம் ஞாபகம் வெச்சிருக்கறவரு நீங்க. அன்னிக்கு வெக்கலன்றது மட்டும் மறந்துடுமா இன்னா?"

ஏப்ரல் 14
வைக்கவில்லை.

மே 3
லிமிட் ஒரு கோடியிலிருந்து எழுபது லட்சம் ஆகிவிட்டது. கல் வாங்கக் காசு பத்தாது. இரண்டாவது ஷிப்ட் நிறுத்தம். ஆறு பேர் போகிறார்கள். அதில் சுப்பன் ஒருவன். இருபத்திரண்டு வருஷமாகப் பாலிஷ் மெஷினில் நின்றவன், என்னை இன்னும் மேஸ்திரி என்றே கூப்பிடுகிறவன்.

"நான் இன்னா தப்பு பண்ணேன் மேஸ்திரி?"

என்னத்தைச் சொல்வது. டாலரைச் சொல்லவா, பௌர்ணமியைச் சொல்லவா? "நீ ஒண்ணும் பண்ணலடா. நான்தான்" என்றேன். அவனுக்குப் புரியவில்லை. எனக்கு மட்டும் முழுசாகப் புரிந்ததா?

மே 10
கலையரசன் என்னோடு பேசுவதில்லை. எனக்கும் பேசத் தெம்பு இல்லை.

மே 27
ஜெர்மனிக்காரன் பணம் வந்தது. பேசினபடி எண்பத்தொன்பதுக்கு பேங்க் எடுத்துக்கொண்டது. ஒரு பைசா கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை.

ஜூலை 10
சாயங்காலம் கலையரசன் ஒரு தாளோடு வந்து எதிரில் உட்கார்ந்தான். இரண்டு மாதம் கழித்து, அவனாகவே வாயைத் திறந்தான்.

"கல்லு கப்பல் ஏறினப்ப வித்த கணக்கு டாலர் தொண்ணூத்தி மூணுலயே ஏறிடுச்சுப்பா. போன வருஷம் போன இருபது லட்சம் இந்த வருஷம் திரும்பிடுச்சு. பழைய லிமிட் குடுக்கறேன்னுட்டாங்க."

"சுப்பன்?"

தாளை மடித்தான். "போன் பண்ணேன். செங்கத்துல வேற பட்டறையில சேந்துட்டானாம். கூலி கம்மிதானாம். ஆனா வரமாட்டேன்னுட்டான்."

"அது எந்த வருஷத்துக் கணக்குல ஏறும்?"

ராணி எழுந்துபோய் இரண்டு தட்டு வைத்தாள். சாப்பிட்டோம். நாளைக்குக் காலை பஸ்ஸில் செங்கம் போய் சுப்பனைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன்.

கை கழுவிவிட்டு வந்து சொன்னான்: "பஸ்ஸு வேணாம். நானும் வரேன்."