மலை எந்தக் கையில் இருக்கிறது

திருவண்ணாமலை,
பங்குனி, வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் அருணாதேவிக்கு,

நீயும் மாப்பிள்ளையும் கனடாவில் அந்தக் கால்கரிக் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். இங்கே மூன்று பேரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, மாடி ஏறி வடகம் போடும் அளவுக்குத் தேவலை. போனில் பேசுவதை விட்டு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனை அவள் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள். நான் சொல்ல வேண்டியதில் பாதி அவளைப் பற்றியது, மீதி உன்னைப் பற்றியது. ஆகவே பருப்புப்பொடி பார்சலுக்குள் வைத்து அனுப்புகிறேன்.

விஷயம் சரவணனின் கல்யாணம்தான். பெண் பெயர் தீபலட்சுமி, கீழ்பென்னாத்தூர் இராமலிங்கத்தின் மகள், ரமணாசிரமத்துப் பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுஸில் மேனேஜர். உன் தம்பிக்கு அவளைப் பிடித்துப்போய் அவனே வந்து சொன்ன இடம் என்பது உனக்குத் தெரியும். நாங்கள் போய்ப் பார்த்தபோது நடந்தது தெரியாது. அந்தப் பெண் எல்லோருக்கும் காபி கொடுத்தாள், பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து தானும் ஒரு டம்ளர் எடுத்துக்கொண்டாள். சரவணன் புதுச் சட்டையின் விலைச் சீட்டைக் கிழிக்காமல் வந்திருந்தான், அது காலரில் தொங்கியது. அதைப் பார்த்து, என்னங்க, பிடிக்கலைன்னா கடையில திருப்பிக் குடுக்கலாம்னு வச்சிருக்கீங்களா என்று கேட்டு வாய்விட்டுச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. திரும்பும்போது பஸ்ஸில் அம்மா என் காதருகே, ஏங்க, நம்ம எதிர்லயே உக்காந்து காபி குடிக்குறா, அந்த ரோஷினி மாதிரியே சிரிக்குறா, எனக்கு பயமா இருக்குங்க என்றாள். ரோஷினி யார், இராமலிங்கம் வீட்டுச் சொந்தமா என்று நான் கேட்டேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தெனம் எட்டு மணிக்கு நம்ம கூடத்துல வர்றவளே உங்களுக்குத் தெரியலயா என்றாள். ‘பூர்ணிமா இல்லம்’ தொடரில் குடும்பத்தைக் கெடுக்கும் பெண்ணாம்.

அதை நான் பெரிதாக எடுத்திருக்க மாட்டேன். அடுத்த ஞாயிறு நீ போனில், அம்மா உஷாரா இரு, இப்படி கலகலனு பேசுறவங்கதான் வந்தவுடனே வீட்டைப் பிரிப்பாங்க என்றாய். எனக்குச் சுருக்கென்றது. நீ அந்தப் பெண்ணைப் பார்த்ததில்லை, அவளோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. நீயும் அங்கே சமைத்துக்கொண்டே போனில் அதே தொடரைப் பார்க்கிறாய் என்று மாப்பிள்ளை ஒருமுறை சொன்னது நினைவுக்கு வந்தது. ஒரே சந்தேகம் கடல் தாண்டி இரண்டு பேர் வாயிலிருந்து ஒரே மாதிரி வந்தால், அது கிளம்பிய இடம் ஒன்றுதான் என்று எடுத்துக்கொள்வது நான் நிருபராக இருந்த நாளிலிருந்து வந்த பழக்கம். அன்றிலிருந்து எட்டு மணிக்கு நானும் உட்கார்ந்தேன்.

கதையைவிட ஓரத்தில் நடப்பதைத்தான் கவனித்தேன். நல்ல மருமகளாக வருகிற பூர்ணிமா ஒரு வாய் சாப்பிட்டு நான் பார்க்கவில்லை. பரிமாறுகிறாள், எச்சில் தட்டை எடுக்கிறாள், விரதம் இருக்கிறாள். ரோஷினி மட்டும் கால்மேல் கால் போட்டு ஆப்பிள் தின்கிறாள். வேலைக்குப் போகிறவள் அவள் ஒருத்திதான், வண்டி ஓட்டுகிறவளும் அவள்தான், ஒரு கேள்வி நேராகக் கேட்பவளும் அவள்தான். பூர்ணிமாவுக்கு எது தெரியவந்தாலும் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுத்தான் தெரிகிறது. கேட்டதையும் யாரிடமும் சொல்லாமல் பூஜை அறைக்குப் போய் அழுகிறாள். ஒரு நாள் வாயைத் திறந்து சொல்லிவிட்டால் தொடர் அந்த வாரமே முடிந்துவிடும். ஆகவே அவள் பொறுமை யாருக்கு ஆதாயம் என்று யோசித்துப் பார். அழுகை முடிந்ததும் நகைக்கடை விளம்பரம் வருகிறது, அதற்கப்புறம் வரன் பார்த்துத் தரும் கம்பெனி விளம்பரம். அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். நீங்க எதைத்தான் நம்பினீங்க, கல்யாணத்தன்னிக்கு எங்கப்பாவையே பேட்டி எடுத்தவருதானே என்று சொல்லிவிட்டாள். சரவணன் சொன்னது இன்னும் காரம். டிவில வர்றவள வச்சி நான் கட்டிக்கப்போறவளப் பேசாதீங்கம்மா என்று சொல்லிவிட்டு எழுந்து போனவன், அதற்குப்பிறகு ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வருவதில்லை. இராமலிங்கமும் சித்திரைக்குள் ஒரு பதில் சொல்லிடுங்க சார், இல்லன்னா வேற எடம் பாக்கணும் என்று இரண்டு முறை கேட்டுவிட்டார்.

போன செவ்வாய்க்கிழமை பூர்ணிமா, புருஷன் மனம் மாற வேண்டும் என்று நம் ஊருக்கு வந்து கிரிவலம் போனாள். அம்மா அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். பூர்ணிமா ஈரப் புடவையோடு கை கூப்பி நடக்கிறாள், பின்னால் பாட்டு. அம்மா கத்தியைக் கீழே வைத்தாள். ஐயய்யோ, இவ எந்தப் பக்கம் நடக்குறா, மலை இடது கையில இருக்குதே என்றாள். பார்த்தால் ஆமாம். படம் திரும்பித் தெரிகிறதோ என்று எனக்கு ஒரு ஐயம். பின்னால் இருந்த டீக்கடைப் பலகையின் எழுத்து நேராகத்தான் இருந்தது. அது அடி அண்ணாமலையில் சடையன் கடை. மறுநாள் காலையில் போய் விசாரித்தேன். வெளிச்சம் மூஞ்சில விழலைன்னு திருப்பி நடக்க வச்சாங்க சார், மலைய வலது கைலதான் வச்சிப் போகணும்னு நான் சொன்னேன், இதெல்லாம் யாரு பாக்கப்போறாங்கனு கேட்டாரு அந்தத் தொப்பிக்காரரு என்றார் சடையன்.

வீட்டுக்கு வந்து அதை அப்படியே சொன்னேன். நம்ம ஊர்ல யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க, இதுகூடத் தெரியாதவங்களா எனக்கு மருமக எப்படி இருக்கணும்னு காட்டுறாங்க என்று கேட்டாள் அம்மா. நான் இத்தனை நாள் சொன்ன எதுவும் செய்யாததை ஒரு தப்பான நடை செய்துவிட்டது. அதற்காக அவள் தொடரை நிறுத்திவிட்டாள் என்று நினைக்காதே, நேற்றும் பார்த்தாள், சத்தத்தைக் கம்மி பண்ணிக்கொண்டு. விளம்பரம் ஓடும்போது, அந்தப் பொண்ணு காபிய நல்லாத்தான் போட்டிருந்தா இல்லீங்க, பாவம், தனக்கு மட்டும் ஆறிப்போனத எடுத்துக்கிட்டா என்றாள். அது என் கண்ணிலேயே படவில்லை. உடனே இராமலிங்கத்துக்குப் போன் போடட்டுமா என்று எழுந்தேன். இருங்க, அருணா வேணாங்கறாளே, அவ சொல்லட்டும் என்று என் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டாள்.

ஆக இப்போது பதில் உன்னிடம் இருக்கிறது. நான் சொல்வதையும் அப்படியே நம்பாதே, எனக்கு அந்தப் பெண்ணைப் பிடித்திருக்கிறது, அதனால் என் பேச்சும் ஒரு பக்கம் சாய்ந்துதான் இருக்கும். இதோடு ஒரு தனிச் சீட்டில் அவள் நம்பர் எழுதி வைத்திருக்கிறேன், நீயே கூப்பிட்டுப் பேசு. பேசின பிறகும் உனக்குச் சரியாகப் படவில்லை என்றால் தாராளமாகச் சொல், காரணம் அவளிடம் நீ கண்டதாக இருக்கட்டும். மாப்பிள்ளைக்கு ஆஸ்துமா மருந்து தீராமல் பார்த்துக்கொள். பொடியை ஈரக் கரண்டி போட்டு எடுக்காதே. இருவரும் நிறைவாக வாழ அண்ணாமலையார் அருள் இருக்கட்டும்.

மறக்காமல் ஒன்று. அவளைக் கூப்பிடும் முன் அந்தச் செவ்வாய்க்கிழமைப் பகுதியை இன்னொரு முறை போட்டுப் பார். நீ பிறந்து வளர்ந்த ஊர். முதல் முறை பார்த்தபோது மலை எந்தக் கையில் இருந்தது என்று நீ கவனித்தாயா?

ஆசிகளுடன்
உன் அப்பா,
அப்பாதுரை