தொடக்கக் கோப்பில் ஒரு வரி

அன்புள்ள அக்காவுக்கு,

பக்கத்து நாற்காலிக்காரி எழுதுவது. மாமாவின் முழங்கால் வலி தேவலையா? போன் செய்தால் நீங்கள் எடுப்பதில்லை. எடுத்திருந்தாலும் எனக்கு வார்த்தை வந்திருக்காது. அதனால்தான் கடிதம்.

உங்கள் நாற்காலியில் வேறொருவரை உட்காரவைக்கப் பார்த்தார்கள். சக்கரம் உடைந்திருக்கிறது என்று புளுகி அனுப்பிவிட்டேன். நீங்கள் அழித்ததாகச் சொல்லும் ஆற்று நீர்மட்டப் பதிவுகளில் பாதியை மீட்டுவிட்டார்கள். மீதி மூன்று மாதப் பதிவுகள் போனது போனதுதான். திங்கட்கிழமை விசாரணை. "அவங்களே ஒத்துக்கிட்டாங்க, அப்புறம் என்ன?" என்கிறார் மேலாளர். உங்களுடைய இருபத்திரண்டு வருட வேலை ஒரே கையெழுத்தில் முடிந்துவிடும் போலிருக்கிறது.

நான்கு நாளாக ஒன்றை மறைத்துவைத்திருக்கிறேன். சொல்லிவிடுகிறேன் அக்கா.

தொலைவில் இருக்கும் அந்தக் கணினிக்குள் நாம் ஐந்து பேரும் ஒரே கணக்கில்தான் நுழைகிறோம். என் சொந்த ஷெல் அமைப்புகள், அதாவது கட்டளை தட்டும் திரையை என் வசதிக்கு மாற்றி வைத்தவை, வேண்டுமென்றால், நுழைந்தபின் ஒரு வரி தட்டி நான் மட்டும் ஏற்றிக்கொள்ள வேண்டும். தினமும் அதைத் தட்டச் சோம்பல். பதிவுகள் அழிந்ததற்கு முந்தின நாள் மாலை அந்த வரியை, நுழைந்ததும் தானாக ஓடும், எல்லோருக்கும் பொதுவான தொடக்கக் கோப்பிலேயே சேர்த்துவிட்டேன். அதன்பின் யார் நுழைந்தாலும் என் அமைப்புகள்தான் ஏறும். அவை நேராக மூலப் பதிவுகள் உள்ள இடத்தில் கொண்டுபோய் நிறுத்தும். எந்த இடத்தில் நிற்கிறோம் என்று திரையில் காட்டும் பெயரையும் நான் அழகு பார்த்து எடுத்துவிட்டிருந்தேன்.

காலையில் வந்ததும் தற்காலிகக் கோப்புகளைக் கூட்டித் தள்ளுவது உங்கள் முதல் வேலை. கணக்கு எப்போதும்போல அந்தத் தற்காலிகக் கோப்புகள் இருக்கும் இடத்தில்தான் திறந்திருக்கிறது என்று நம்பி, எல்லாவற்றையும் அழிக்கும் கட்டளையைத் தட்டினீர்கள்; அழிந்தது மூலப் பதிவுகள். "வயசாகுதுல்ல, கை தவறிடுச்சு போல" என்று நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டபோது, பக்கத்தில் நான் அந்த வரியைச் சத்தமில்லாமல் நீக்கிக்கொண்டிருந்தேன். உங்கள் கை தவறவே இல்லை அக்கா.

வேலை போய்விடுமே, வீட்டில் என்ன சொல்வேன் என்ற பயத்தில் வாயை மூடிக்கொண்டேன். இப்போதும் பயமாகத்தான் இருக்கிறது. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் குணம் எனக்குத் தெரியும். "சின்னப் பொண்ணு, போகட்டும்" என்று இதைக் கிழித்துப் போட்டுவிடுவீர்கள். அதனால், இதே கடிதத்தின் இன்னொரு பிரதியை மேலாளர் மேஜையில் வைத்துவிட்டுத்தான் தபால் பெட்டிக்குப் போகப் போகிறேன்.

திங்கட்கிழமை வந்துவிடுங்கள். என்னோடு பேசக்கூட வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்தால் போதும்.

மன்னிப்பைக் கேட்கவும் கூசும்,
உங்கள் பக்கத்து நாற்காலிக்காரி